சிவப்புத் துணி கட்டிய செடிகள்

பூங்காவில் களை எடுக்கிற எல்லம்மாவின் கையில் ஒரு செடி தலைகீழாகத் தொங்குகிறது, வேரிலிருந்து மண் உதிர்ந்துகொண்டே இருக்கிறது, தண்டில் என் பழைய புடவையிலிருந்து கிழித்த சிவப்புத் துணி, நான் பூங்காவின் கம்பிக் கதவருகே நிற்கிறேன், அது ஆடுதின்னாப்பாளை, அந்தக் கறுப்புச் சிவப்பு வண்ணத்துப்பூச்சி முட்டையிட இந்த வட்டாரத்தில் வேறு செடியே கிடையாது என்று தில்லைநாயகி அக்கா சொல்வாள், கல்லூரித் தாவரவியல் கூடத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவள், இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் எங்கள் ஆறு பேரையும் இந்த மூலைக்கு இழுத்து வருபவள், எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்து மண்டிய உண்ணிச்செடியை வெட்டினோம், கை கிழிந்தது, வேலியோரம் மட்டும் மிச்சம், நொச்சியும் ஆவாரையும் தும்பையும் வைத்தோம், பூங்கா அதிகாரி வந்து, புதன்கிழமை வருகிறேன், நம்ம ஊர்ச் செடி பிழைத்திருந்தால் மூலை உங்களுக்கு, இல்லையென்றால் புல்தரை போட்டுவிடுவோம் என்றார்.

களை எடுக்கிற ஆட்கள் தெரியாமல் பிடுங்கிவிடக் கூடாதே, அக்கா, காப்பாத்த வேண்டியதுக்கெல்லாம் சிவப்பு கட்டிடலாமா என்றேன், என் யோசனை, என்னுடையதேதான், கட்டு, ஆனா எல்லம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு என்றாள், திங்கள் மறந்தேன், செவ்வாய் எல்லம்மா டீ குடித்துக்கொண்டிருந்தாள், பார்த்துச் சிரித்தேன், பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன், அந்த பஸ்ஸில்தான் இன்னமும் போய்க்கொண்டிருக்கிறேனோ.

என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க, என்கிறாள் எல்லம்மா, சேப்பு கட்னதெல்லாம் வேரோட எடுத்தாச்சு, ஒண்ணுகூட வுடல, வெட்டுற மரத்துக்குத்தான சேப்பு பெயின்ட் அடிப்பாங்க, நீங்களே கட்டிக் குடுத்துட்டீங்க, வேலை சுளுவா போச்சு. நெற்றியெல்லாம் வியர்வை, முகமெல்லாம் பெருமை, திட்டுவதற்கு ஆள் தேடுகிறேன், என்னைத் தவிர யாருமில்லை, மற்றதெல்லாம் எங்கே என்றால், குப்பை லாரி ஏழு மணிக்கே போயிடுச்சே, இது ஒண்ணுதான் பின்னாடி கெடந்துச்சு, என்று என் கையில் கொடுக்கிறாள்.

பத்து மணிக்கு அதிகாரி வருகிறார், கூடவே அக்கா, வெறும் மண்ணைப் பார்த்ததும் அவள் நடை நின்றது, அதிகாரி வேலியோரம் பூத்துக் குலுங்கும் உண்ணிச்செடியைப் பார்க்கிறார், பரவாயில்லையே, இவ்ளோ அழகா வந்திருக்கு, இதுதான் நீங்க வச்சதா. இல்லை என்று சொன்னால் புல்தரை.

ஆமா சார், என்கிறாள் அக்கா.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார், மூலை எங்களுக்கு, அக்கா என்னைப் பார்க்காமல் கேட்கிறாள், சொன்னியா எல்லம்மாகிட்ட, நான் தலையை ஆட்டினேன், எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை, இப்போது என் கையில் தலைகீழாகத் தொங்குகிறது அந்தச் செடி, உதிர மண் இல்லை, இலையின் அடியில் அந்த வண்ணத்துப்பூச்சியின் புழு ஒன்று, வாடிய பிறகும் விடாமல் தின்றுகொண்டிருக்கிறது.