ஆறுமாத் திடல் யாருடையது?

அன்று காலை பேப்பர் வந்ததிலிருந்து என் கடையில் ஒரு சைக்கிள்கூட வாடகைக்குப் போகவில்லை. போகவேண்டிய சைக்கிள்கள் மேலெல்லாம் ஆட்கள் சாய்ந்துகொண்டு, எங்கள் ஊர் கால்பந்து கோச் முருகையன் நிருபரிடம் அப்படிப் பேசியிருக்கலாமா கூடாதா என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

முதல்நாள் லீக் ஆட்டத்தில் எங்கள் டீம் மன்னார்குடி டீமிடம் தோற்றிருந்தது. என்ன காரணம் என்று நிருபர் கேட்டிருக்கிறார். வேறு கோச்சாக இருந்தால் அதிர்ஷ்டம் என்பான், காற்று என்பான். முருகையன் சொன்னது இது: "ஆட்டத்துக்கு முன்னாடி ஒன்றியத் தலைவர் நாப்பது நிமிஷம் பேசினாருங்க. பசங்க வெயில்ல நின்னு கால் மரத்துப்போச்சு. அதான் தோத்தோம்." பேப்பர்காரர்கள் ஒரு எழுத்து மாற்றாமல் போட்டுவிட்டார்கள்.

"ஆளுங்கட்சிக்காரரை இப்படிப் பேசலாமா?" என்றார் ஜவுளிக்கடை அல்லா பிச்சை. ஆட்டம் என்றால் கடையைப் பூட்டிவிட்டு வருகிறவர். "நாளைக்கு ரோடு வேணும், லைட் வேணும்னா யார்கிட்டப் போய் நிக்கிறது? வாயில கொஞ்சம் தேன் தடவிப் பேசினா என்ன குறைஞ்சா போயிடுவான்?"

"அவர் என்ன பொய்யா சொன்னாரு?" என்றான் வீரையன். அவன் கூலிக்கு நடவும் அறுப்பும் பார்ப்பவன். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்புத் துண்டு தோளை விட்டு இறங்காது. "நானும் வெயில்லதான் நின்னேன். எனக்கும்தான் மரத்துப்போச்சு. என்னை எந்தப் பேப்பர்காரன் கேட்டான்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுகிறவர் வாயிலும் முருகையன், பாராட்டுகிறவன் வாயிலும் முருகையன். இந்த டீமுக்குப் பன்னிரண்டு வருஷம் கோல் அடித்தவன் அவர்கள் காலடியில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. மத்தியானம் சோறு கொண்டுவந்த என் மனைவி ராஜாத்தி தூக்கை வைத்த கையோடு, "நாப்பது நிமிஷமாமே!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்து அழகு பார்க்க நான் தயாரில்லை. முருகையன் வருவதற்கு முந்தின ஒரு வருஷம் கோச்சின் விசில் என் கழுத்தில் கிடந்தது. அவன் திருச்சியில் ரயில்வே டீமில் ஆடிக்கொண்டிருந்தவன். முட்டி உடைந்து ஊர் திரும்பினான். கிளப்பை நடத்திவந்த மிராசுதார் அமிர்தலிங்கம் ஐயா, "வெளியூர்ல ஆடினவன், அவனே இருக்கட்டும்" என்று விசிலைக் கழற்றி அவனிடம் கொடுக்கச் சொன்னார். என் கையாலேயே கொடுத்தேன்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். வந்த இரண்டாம் மாதமே என்னை டீமிலிருந்து எடுத்தான். வயதாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். பதினோரு பேர் முன்னால் சொன்னான்: "உனக்கு வயசும் ஆகல, காலும் போகல. ஆனா பந்து அடுத்தவன் காலுக்குப் போனா உன் மூஞ்சி சுருங்குது ராஜாங்கம். அவன் கோல் போட்டாலும் சுருங்குது. அது டீமுக்கு ஆகாது." அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. அந்த விசில் திரும்ப என் கழுத்துக்கு வரவேண்டும்.

வழி தானாக வந்தது. அரையிறுதி ஆட்டத்தன்று நிருபர் ரெத்தினம் பட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். அவருக்குத் தேங்காய் மண்டியில் வேலை. பேப்பருக்கு எழுதுவது மிச்ச நேரத்தில். எப்போது வந்தாலும் என்னிடம்தான் சைக்கிள் எடுத்துக்கொண்டு திடலுக்குப் போவார்.

"உங்க கோச் இன்னைக்கு என்ன குண்டு போடுவாரோ?" என்றார்.

"குண்டு விழற மாதிரி நீங்கதான் கேக்கணும்" என்றேன், சீட்டைத் துடைத்துக்கொண்டே. "இந்த ஆறுமாத் திடல் யாரோடதுன்னு கேட்டுப் பாருங்களேன்."

ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர் அளவுள்ள நிலம், அதனால் அந்தப் பெயர். அது பத்திரத்தில் முருகையன் பேரில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், எழுபதில், ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான் என்று உச்சவரம்பு வந்தபோது மிராசுதார்கள் நிலத்தைப் பிரித்து டிரைவர் பேரில், சமையல்காரன் பேரில், பிறக்கப்போகும் பேரன் பேரில்கூட எழுதினார்கள். அமிர்தலிங்கம் ஐயா திடலைக் கோச் பேரில் எழுதினார். ஊருக்கே தெரியும். ஆனால் யார் நிலம் என்று யாரும் யாரையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்லவேண்டி வரும். சொன்னால், கேட்டவன் சொன்னவன் இரண்டு பேரில் ஒருவன் ஊரில் இருக்கமுடியாது.

நான் கணக்குப் போட்டேன். தன்னுடையது என்று முருகையன் சொன்னால் பொய்யன் ஆவான். அவனுடைய பட்டென்ற பேச்சுக்கு இருக்கும் மவுசு அன்றோடு போகும். ஐயாவுடையது என்று சொன்னால் ஐயா அவனைத் துரத்துவார். எப்படிப் போனாலும் விசில் எனக்கு.

ஆட்டத்தில் ஜெயித்தோம். கூட்டம் கோச்சைச் சூழ்ந்து நின்றது. நான் ரெத்தினத்துக்கு இரண்டு ஆள் பின்னால் நின்றேன். இதையும் அதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார். "கோச் சார், இந்தத் திடல் யாரோடது?"

முருகையன் விசில் கயிற்றை விரலில் சுற்றினான், அவிழ்த்தான்.

"அமிர்தலிங்கம் ஐயாவோடது. எம்பேர்ல எழுதி வெச்சிருக்காரு. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். நான் ஒரு பைசா கொடுக்கலை. அதுல ஒரு பிடி மண்ணு எனக்குச் சொந்தமில்லை. வேற ஏதும் ஆட்டத்தைப் பத்திக் கேக்கணுமா?"

எனக்குக் குதிக்கவேண்டும்போல் இருந்தது.

மறுநாள் பேப்பரில் அது வந்தது. என் கடையில் நிற்க இடமில்லை. மத்தியானத்துக்குள் பண்ணையிலிருந்து ஆள் வந்து முருகையனிடம் சொல்லிவிட்டுப் போனான்: நிருபர் தப்பாக எழுதிவிட்டார் என்று ஒரு வரி மறுப்புக் கொடுத்துவிட்டால் ஐயா எல்லாவற்றையும் மறந்துவிடுவார்.

"ஒரே ஒரு வரி!" என்று அல்லா பிச்சை கெஞ்சாத குறையாகச் சொன்னார். "பைனல் நம்ம திடல்ல நடக்கணும்னா அந்த ஒரு வரியைக் கொடுத்துடச் சொல்லுங்கப்பா. பேசத் தெரிஞ்சவனுக்குப் பேசாம இருக்கவும் தெரியணும்."

"பைனல் எங்க வேணா நடக்கட்டும்" என்றான் வீரையன். "இத்தனை வருஷமா மனு மேல மனு போடுறோம். நிலம் மிராசுதாரோடதுன்னு நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டுக் கிடைக்கலை. இந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்லிட்டாரு. அதை வாபஸ் வாங்கச் சொல்றீங்களே, நல்லாருக்கா பாய்?"

"நான் பந்தைப் பத்திப் பேசறேன், நீ நிலத்தைப் பத்திப் பேசற!"

"பந்து எது மேல உருளுதாம்?"

அன்று சாயங்காலம் முருகையனே கடைக்கு வந்தான். பந்துக்குக் காற்று அடிக்க எப்போதும் என்னிடம்தான் வருவான். சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் பம்பை அழுத்தினேன், அவன் பந்தைப் பிடித்துக்கொண்டான். மறுப்புக் கொடுக்கப்போகிறாயா என்று அல்லா பிச்சை கேட்டார். "இல்லீங்க பாய்" என்றான். அவ்வளவுதான். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் போனபிறகு ஒரு மணிநேரம் அந்த இரண்டு வார்த்தையைப் பற்றிப் பேசினார்கள்.

சங்கம் பேப்பரை இணைத்து மனுக் கொடுத்தது. பத்து நாளில் தாசில்தார் பஞ்சாயத்து ஆபீசில் விசாரணைக்கு வந்து உட்கார்ந்தார். அமிர்தலிங்கம் ஐயாவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முருகையன் நின்றுகொண்டு, நிருபரிடம் சொன்னதையே ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். தாசில்தார் எழுதிக்கொண்டார்.

ஐயா எழுந்துவிட்டார். "அந்த நிருபன் வெளியூர்க்காரன். அவனா கேட்டிருக்கமாட்டான். யாருடா அவனைத் தூண்டிவிட்டது? உனக்குத் தெரியும். சொல்லு!"

நான் வாசல் ஓரம் நின்றிருந்தேன். என் சைக்கிள் கடை இருப்பது பண்ணைக் கட்டடத்தில். முருகையனுக்கு நிஜமாகவே தெரியும். நேராகக் கேட்டான், சொல்லிவிட்டேன் என்று முதல்நாள்தான் ரெத்தினம் என்னிடம் அசடு வழிந்துவிட்டுப் போயிருந்தார். எதையும் போட்டு உடைக்கிற வாய். என் பேர் இதோ வரப்போகிறது என்று நின்றேன்.

"தெரியும்" என்றான் முருகையன். "சொல்லமாட்டேன்."

ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த கூட்டம் கைதட்டியது. நியாயமாகப் பார்த்தால் எனக்கு நன்றி வந்திருக்கவேண்டும். வரவில்லை. என்னைக் காப்பாற்றியதற்கும் அவனுக்குத்தானே கைதட்டல் என்றுதான் நினைப்பு ஓடியது.

விசாரணை முடிந்த வாரமே ஐயா முருகையனை நீக்கினார். நான் சட்டையை மாற்றிக்கொண்டு பண்ணை வீட்டுக்கு ஓடினேன். "திடலே போகப்போகுது, கிளப் எதுக்கு? கிளப் இல்லாம கோச் எதுக்குடா?" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். விசிலை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது முருகையன் கழுத்திலேயே இருந்தது. காய்ந்த ஏரிக்குள் கோல் கம்பு நட்டுப் பழையபடி ஆட்டம் நடத்தினான். அல்லா பிச்சை அங்கேயும் கடையைப் பூட்டிவிட்டுப் போனார். பந்துக்குக் காற்று மட்டும் என் கடையில்தான். ஒருநாள்கூட அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, திடலை உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலம் என்று அரசாங்கம் எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்த பட்டா வந்தது. ஆறு குடும்பத்துக்கு ஆளுக்கொரு மா. கிழக்குக் கோல் இருந்த மா வீரையனுக்கு. அன்று சாயங்காலம் ஒரு தட்டு நிறையப் பூந்தி எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான். முருகையன் அப்போதுதான் பந்தோடு வந்து நின்றான். வீரையன் முதல் பிடியை அவன் வாயில் ஊட்டினான். ஊட்டினவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"எங்கப்பன் அடுத்தவன் வரப்புலயே செத்தாரு" என்றான். "கோச் மட்டும் அன்னைக்கு வாயைத் திறக்கலைன்னா எம்புள்ளையும் அங்கதான்."

"அப்பல்லாம் நான் கொஞ்சம் பயந்துட்டேன்" என்று அல்லா பிச்சை ஒப்புக்கொண்டார். "இப்பச் சொல்றேன். ஆம்பளைன்னா இவன்தான்யா!"

என்னால் தாங்கமுடியவில்லை. அந்தக் கேள்வி என்னுடையது. அது இல்லையென்றால் பதில் எங்கே, பட்டா எங்கே, பூந்தி எங்கே? கெட்டது செய்யப்போய் நல்லது நடந்தது. அந்த நல்லதும் அவன் பேருக்கே போகிறது. பம்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

"அந்த நிருபரைக் கேக்கச் சொன்னதே நான்தான்!"

அல்லா பிச்சை சிரித்தார். "ஏம்ப்பா ராஜாங்கம், பட்டா வந்ததும் பங்குக்கு வந்துட்டியா?"

"சத்தியமா நான்தான்! சைக்கிள் எடுக்கும்போது சொல்லி அனுப்பினேன்."

"போப்பா" என்றான் வீரையன். "பூந்தி வேணும்னா கேளு, தர்றேன்." மறுபடியும் சிரிப்பு. என் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு முருகையன் பக்கம் திரும்பினான். "என்ன கோச், அப்படியா?"

முருகையன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

"ஆமா, இவன்தான். ஊர்ல ஒருத்தரும் கேக்காத கேள்வி. நல்ல கேள்வி. ஆனா இவன் உங்களுக்காகக் கேக்கலை, என்னைத் தொலைக்கக் கேட்டான்." பந்தை அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். "காத்து பத்தலை. இன்னும் நாலு அடி அடி."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பம்பை எடுத்து நாலு அடி அடித்தேன்.

பேச்சு அன்றைக்கே பண்ணை வீட்டுக்குப் போய்விட்டது. மறுவாரம் கடையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தான். சைக்கிள்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது எதிரில் வந்தவர்கள் அந்தப் பேச்சைத்தான் பேசிக்கொண்டு போனார்கள். இத்தனை நாள் ஏங்கியதுபோல் ஊர் வாயில் என் பேரும் வந்துவிட்டது. நான் கத்திச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. அவன் சொன்னதும் அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள்.