கைப்பிடியில் போட்ட முடிச்சு

காணும் பொங்கலுக்குப் புது மாப்பிள்ளை லோகேஷ்தான் எல்லோரையும் தென்னேரிக்கு அழைத்து வந்தான். ஏரியில் வாட்டர் ஸ்கூட்டர் விட்டிருந்தார்கள். மாமனார் உமாபதிக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டான். உமாபதி பெரிய காஞ்சிபுரத்தில் கூலிக்குத் தறி நெய்கிறவர். மாப்பிள்ளை எதிரில் பயந்தவராகத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

வண்டி விடுகிற இளவரசி லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, ஒரு சுருள் கயிற்றை அவர் மணிக்கட்டில் கட்டினாள். மறுமுனை இன்ஜின் சுவிட்சில். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும், அவிழ்க்கவே கூடாது என்றாள். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் வண்டி திரும்பாது, சிவப்பு மிதவைக்கு அப்பால் வலை போட்டிருக்கிறார்கள், அங்கே போகக் கூடாது என்றும் சொன்னாள்.

தறியில் கயிற்றை வெடுக்கென்று இழுத்து, குறுக்கு நூல் கொண்டுபோகும் நாடாவை ஓட்டிப் பழகிய கை. மணிக்கட்டில் கயிறு பட்டதுமே அது தானாக இழுத்தது. தண்ணீரில் கிளம்பியதும் இரண்டு முறை சுவிட்ச் பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுபோனது. கரையிலிருந்து லோகேஷ் சிரித்தான்.

"இன்னா மாமா, அங்கயும் பொடவ நெய்யறீங்களா?"

உமாபதிக்கு முகம் எரிந்தது. கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றை அவிழ்த்துக் கைப்பிடியில் கட்டினார். அறுந்த இழையை இணைக்கிற முடிச்சு, லேசில் அவிழாது.

அப்புறம் வேகமாகத்தான் போனார். மிதவை கிட்டே வந்ததும் பயந்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுத் திருப்பினார். வண்டி திரும்பவில்லை. மிதவையைத் தாண்டி அவர் விழுந்தார், இன்ஜின் நிற்கவில்லை. ஆளில்லாத வண்டி, அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த தணிகாசலத்தின் வலைமேல் ஏறியது. அடியில் தண்ணீர் உறிஞ்சுகிற வாய் வலையை இழுக்க, வலைக்கயிற்றைக் கையில் சுற்றி நின்றிருந்த தணிகாசலமும் சேர்ந்து தண்ணீருக்குள் போனார். இளவரசி படகில் வந்து சுவிட்சைப் பிடுங்கியபிறகுதான் அவர் தலை வெளியே வந்தது.

கரையில் தணிகாசலம் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் தோல் உரிந்திருந்தது. ஸ்கூட்டர் விடுகிற முதலாளி வந்து இளவரசியைப் பிடித்துக்கொண்டார். கயிறு கட்டாமலா ஆளை அனுப்பினாய், நாளையிலிருந்து வராதே என்றார். லோகேஷ் முந்திக்கொண்டு, ஆமாம், அவள் கட்டவேயில்லை என்றான். மாமனாரின் மானத்தைக் காப்பாற்றுகிறானாம்.

இளவரசி உமாபதியைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு கட்டுச்சுபா," என்றார் உமாபதி. "நாந்தான் அவுத்துக் கைப்புடில கட்னேன். மாப்ள சிரிச்சாருன்னு."

தணிகாசலம் குரலை உயர்த்தவில்லை. "உனுக்கு வெக்கம். எனுக்கு உசுருபா."

கரைக்கு இழுத்து வந்த வண்டியின் கைப்பிடியை முதலாளி நகத்தால் நோண்டிப் பார்த்தார், முடிச்சு அவிழவில்லை. உமாபதியே ஈர வேட்டியோடு குனிந்தார். சுற்றி நின்ற அத்தனை பேரும் அவர் விரலையே பார்த்தார்கள். வெகுநேரம் ஆயிற்று. அவிழ்த்த கயிற்றை இளவரசி கையில் கொடுத்தார். லோகேஷின் செருப்பு கண்ணில் பட்டது. அதற்கு மேல் தலை எழவில்லை.