நாற்பதைத் தாண்டினால் அணையும் பெட்டி

என் சைக்கிள் வேகத்தைத் தாங்க முடியாமல் ஒரு கருவி பதினேழு முறை மூர்ச்சை போட்டிருக்கிறது. சிரிக்க வேண்டாம். எனக்கு வயது அறுபத்தேழு. இரண்டு முழங்கால்களில் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனாலும் நான் மேம்பாலத்தில் இறங்கும்போது காக்கைகள் ஒதுங்கி வழிவிடும்.

கருவி என்றால் கைப்பிடியில் மாட்டும் ஜிபிஎஸ் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. எங்கே போனோம், எவ்வளவு தூரம், என்ன வேகம் என்று எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளும். நான் ஓய்வு பெற்றபோது மகள் வாங்கித் தந்தது. மற்ற நேரமெல்லாம் சமர்த்தாக இருக்கும். என் வேகம் நாற்பதைத் தாண்டிய அடுத்த கணம், திரை கறுத்துவிடும்.

எப்போது வேண்டுமானாலும் அணையட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் வருகிற ஞாயிறு எங்கள் சைக்கிள் குழு நூறு கிலோமீட்டர் போகிறது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் சேர வேண்டுமானால், சனிக்கிழமைக்குள் ஐம்பது கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் ஓட்டிய பதிவைக் காட்ட வேண்டும். நடுவில் அறுந்த பதிவு செல்லாது. பதிவு இல்லாவிட்டால், கூடவே வந்து கண்ணால் பார்த்த செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் இல்லாத கிழங்களுக்குத் தண்ணீர் கேன் ஏற்றி வரும் வேனில் இடம். போன வருடம் நான் அந்த வேனில்தான் போனேன். முப்பத்து நான்கு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஊரையே மேலே ஏற்றி இறக்கியவன், இரண்டு கேன்களுக்கு நடுவில் மூன்றாவது கேனாக உட்கார்ந்திருந்தேன்.

செயலாளர் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி. ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். தன் கல்யாணத்துக்கே பத்திரிகையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போயிருப்பான்.

"அத்தான், நாப்பத்தோரு கிலோமீட்டர் வேகம்னு சொல்றீங்க. பெட்டியில இருக்கா?"

"அந்த இடத்துலதான்டா அது அணைஞ்சு போச்சு."

"மெதுவாப் போனா எழுதிக்குது, வேகமாப் போனா தூங்கிடுது. ரொம்ப வசதியான பெட்டி."

"அப்ப நான் புளுகுறேன்கிறியா?"

"நான் எங்க சொன்னேன்? பெட்டியே ஒண்ணும் சொல்லலைங்கிறேன்."

விடுவேனா? முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். முழுக்க சார்ஜ் ஏற்றி, ஜன்னல் ஓரத்து மேஜையில் வைத்து, நாடி பிடித்துப் பார்க்கும் டாக்டரைப் போலப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணி நேரம் எரிந்தது. நான்தான் இரண்டு முறை அணைந்துபோனேன். நடுவில் வாஷிங் மெஷின் துணி பிழியத் தொடங்கி உறுமியது. எழுந்து போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

"அதுக்கு என்ன காய்ச்சலா? எப்பப் பாரு தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க. எடுங்க கையை!" என்று மனைவி தட்டிவிட்டாள்.

அடுத்து, கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் பெண்ணிடம் கொண்டுபோனேன். அவள் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். பேட்டரி தொடும் இடங்களைத் துடைத்தாள், மென்பொருளைப் புதுப்பித்தாள், குலுக்கினாள், மேஜையில் தட்டினாள். அது அசரவில்லை.

"சார், இதுல ஒண்ணுமே இல்ல."

"அப்ப வேகம்தாம்மா அதுக்கு ஒத்துக்கல."

"கார்லயே இதை வச்சுட்டுப் போறாங்க சார். சைக்கிள் வேகத்துக்கா அணையப்போவுது?"

"என் சைக்கிளை நீ பாத்ததில்லையே."

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் வயிற்றை ஒரு முறை பார்த்தாள். பெட்டியை மூடி என் கையில் திணித்தாள்.

மேம்பாலத்து இரும்பு, வானத்திலிருந்து வரும் சிக்னலைத் தின்கிறதோ? தண்ணீர்த் தொட்டிப் பக்கமுள்ள சரிவுக்குப் போனேன். அங்கே இரும்பு மருந்துக்கும் கிடையாது. நாற்பது வந்தது, பெட்டி போனது. சாலை குண்டும் குழியுமாக இருப்பதாலோ? அதைவிட மோசமான குறுக்குச் சந்தில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போனேன். என் பல் ஆடியது, பெட்டி ஆடவில்லை. மச்சான் தன் சைக்கிளில் மாட்டி ஒரு நாள் முழுக்க ஓட்டினான். அணையவில்லை. ஆனால் அவன் வேகத்துக்கு நத்தையே பின்னால் நின்று மணியடிக்கும், அது கணக்கில் சேராது. கடைசியாக அவனுடைய ஸ்கூட்டரில் பெட்டியை மாட்டி, நான் பின்னால் உட்கார, அறுபதில் பறந்தோம். ஜம்மென்று எரிந்துகொண்டே வந்தது.

எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஸ்கூட்டரில் அறுபது போனால் அணையாது. சைக்கிளில் நாற்பது போனால் அணையும். அதுவும் நான் ஓட்டினால் மட்டும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் கோளாறு என்று மிஞ்சியது நான் ஒருவன்தான்.

சனிக்கிழமை காலை மச்சான் ஸ்கூட்டரோடு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா தொல்லை தாங்கல. இன்னிக்குப் பூரா உங்க பின்னாடியே வர்றேன். ஆனா ஒண்ணு, பாக்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பாத்ததுக்குப் போடுவியா?"

"பாத்தா போடுவேன்."

கிளம்பினோம். நாற்பத்தைந்து கிலோமீட்டர் வரை பெட்டி மூச்சுவிடாமல் எழுதிக்கொண்டே வந்தது. நாற்பத்தாறில் மேம்பாலம். ஏறும்போது என் உயிர் என்னைவிட இருபதடி பின்னால் வந்தது. உச்சியில் சேர்ந்துகொண்டது. இறங்கினேன். முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. திரை கறுப்பு.

"அத்தான், நிறுத்துங்க!" என்று ஸ்கூட்டரிலிருந்து அலறினான். ஓரம் கட்டினேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன் அதைப் பிடிச்சீங்க?"

"எதை?"

"பெட்டியை. வேகம் கூடினதும் இடது கையை எடுத்து அப்படியே அதும்மேல வச்சீங்களே!"

"நான் கையே வைக்கலடா."

"வச்சீங்க."

"வைக்கல."

"சரி, திரும்ப ஏறி இறங்குங்க. கையை வைக்காதீங்க."

பெட்டியைத் திரும்ப எரியவிட்டு மறுபடியும் ஏறினேன். கை வைக்கக் கூடாது, கை வைக்கக் கூடாது என்று மிதிக்கு மிதி சொல்லிக்கொண்டே இறங்கினேன். நாற்பது. என் இடது கை, எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோலப் போய்ப் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தது. கட்டை விரல் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தது. மறுபடியும் திரை கறுப்பு. இரண்டு நொடி பிடித்தால் பெட்டி அணையும். அதன் கையேட்டில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது.

முப்பத்து நான்கு வருடப் பழக்கம். லிப்ட் மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது மெக்கானிக் அதன் மேல் உள்ளங்கையை வைப்பான். சூடு ஏறுகிறதா, அதிர்கிறதா என்று கை சொல்லிவிடும். எந்த மெஷின் வேகமெடுத்தாலும் என் கை, என்னைக் கேட்காமல் டியூட்டிக்குப் போய்விடுகிறது. ஸ்கூட்டரில் நான் பின்னால் இருந்தேன், எட்டவில்லை. இல்லாவிட்டால் அங்கேயும் வைத்திருப்பேன்.

"காய்ச்சல் பாக்குறீங்க," என்றான் மச்சான் மெதுவாக. "அக்கா சொல்லுவாங்களே, வாஷிங் மெஷினுக்குக் காய்ச்சல் பாக்குறாருன்னு."

"பதிவு அறுந்துபோச்சேடா."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு. நாலு கிலோமீட்டர். என்ன நின்னுட்டு இருக்கீங்க, மிதிங்க!"

மிதித்தேன். ஒலிம்பிக்கில் ஓட்டுகிறவர்கள் பார்த்திருந்தால் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள். மூன்று மணி நேரத்துக்கு நான்கு நிமிடம் மிச்சம் வைத்து வீட்டு வாசலில் விழுந்தேன். பின்னாலேயே வந்தவன் சாப்பாட்டு மேஜையில் படிவத்தை விரித்து, பேனாவை மூடியபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். தன் வாழ்நாளில் சீட்டில்லாத ஒருவனைக்கூட ஏற்றியதில்லை அவன்.

"என்னடா யோசனை?" என்றாள் மனைவி. "பாத்தியா இல்லையா?"

"பாத்தேன் அக்கா. அதுதான் பிரச்சினை. பதிவு ஏன் இல்லைன்னு காரணம் எழுதணும்."

"பாத்ததை எழுது."

எழுதினான். கையெழுத்தும் போட்டான். நான் தரையில் மல்லாந்து கிடந்ததால், மனைவி எடுத்துச் சத்தமாகப் படித்தாள்:

"ஓட்டுநரின் வேகம் நாற்பதைத் தாண்டும்போதெல்லாம் கருவி அணைந்துவிடுகிறது. உண்மை. இரண்டு முறை நேரில் பார்த்தேன்."