வெள்ளிக்கிழமை விழும் புரோகிராம்

எங்கள் டீம் லீடு சரவணகுமார் சார் பெரிய பக்திமான். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த பக்தியில் என் வேலை போகவிருந்ததுதான் பிரச்சினை.

சிறுசேரியில் எங்கள் ஆபீஸ் ஷட்டில் பஸ்கள் எங்கே வருகின்றன என்று வாசல் திரையில் காட்டும், சி மொழியில் எழுதிய புரோகிராம் என் பொறுப்பு. ஒவ்வொரு பஸ்ஸும் சாக்கெட் என்கிற நெட்வொர்க் இணைப்பு வழியாகத் தன் இடத்தைச் சொல்லும். புரோகிராம் அதை ஒரு ஃபைலில் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் திறப்பது, மூடுவது எல்லாம் கிடையாது. ஃபைலை மெமரியில் பாய் மாதிரி விரித்து அதன்மேலேயே உட்கார்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலையானால் மட்டும் பொத்தென்று விழும், திரை இருண்டுவிடும். பஸ்ஸுக்காக வெயிலில் நிற்பவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

முதலில் சாக்கெட்டைச் சந்தேகித்தேன். செய்தி பாதியாக வருகிறதா, இணைப்பு அறுகிறதா என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். பாவம், பஸ்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. விழுந்த இடத்தைத் தோண்டினால் ஃபைலின் அளவு பூஜ்யம். யாரோ காலி செய்திருக்கிறார்கள்.

அடுத்த வெள்ளி செங்கல்பட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்க் காத்திருந்தேன். சார் வந்தார். மூலையில் என் புரோகிராம் ஓடும் சர்வரை ஈரத்துணியால் துடைத்தார், சந்தனப் பொட்டு வைத்தார், கும்பிட்டார். பிறகு ஒரே ஒரு வரி தட்டி என் ஃபைலைக் காலி செய்தார். ஜன்னலுக்கு வெளியே வாசல் திரை இருண்டது.

"இன்னா தேவி, இன்னிக்கும் புட்டுகிச்சா? அடுத்த வாரமும் இப்டியே ஆச்சுன்னா உன் பர்மனென்ட் லெட்டர்ல நான் கையெழுத்து போட மாட்டேன்."

"சார், அந்த ஃபைல..."

"குப்ப சேந்துகினே போவுதும்மா. டெலிட்டா பண்ணேன்? ஃபைல் அப்டியேதான் கீது. உள்ள கீறதத்தான் தொடச்சேன்."

டெலிட் செய்திருந்தால்கூட புரோகிராம் பிழைத்திருக்கும். பெயர்தான் போகும், விரித்த பாய் அப்படியே இருக்கும். இவர் பாயையே உருவுகிறார். கையெழுத்துப் போடுகிறவரிடம் இதைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? என் ஃபைலை வேறு இடத்துக்கு மாற்றினேன். பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு வெத்து ஃபைல் வைத்தேன். பூஜைக்குக் குறை வரக் கூடாதே என்று குப்பையும் நானே நிரப்பினேன்.

அடுத்த வெள்ளி சார் துடைத்தார், கும்பிட்டார், காலி செய்தார். திரையில் பஸ்கள் ஜம்மென்று ஓடின.

"பாத்தியா? மனசார தொடச்சேன், வுழறது நின்னுச்சு!" என்று சொல்லி லெட்டரில் கையெழுத்துப் போட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை வாங்கினேன், அப்புறம் கையைவிட்டுக் கீழே வைக்கவே இல்லை.

மதியம் கேன்டீனில் டோக்கன் நம்பர் காட்டும் திரை இருண்டது. அதற்கும் என் புரோகிராமைத்தான் பக்கத்து டீம் பையன் மோசஸ் வாங்கிக் கொஞ்சம் மாற்றி ஓடவிட்டிருந்தான். தட்டோடு நின்ற கூட்டம் அவனைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, சாக்கெட்ல இன்னாவோ பேஜாரு!" என்று அலறினான்.

பின்னாலேயே சிரித்தபடி சார். "இவன் சர்வரையும் இப்பத்தான் தொடச்சி வுட்டேன். இனிமே எல்லா டீமுக்கும் நானே பண்றேன்."

மோசஸுக்கு இன்னும் பர்மனென்ட் லெட்டர் வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், சாக்கெட் இல்ல. நீங்க காலி பண்றதாலதான் விழுது."

"அப்ப காலைல நான் தொடச்சது?"

"உங்களுக்குன்னே நான் வெச்ச வெத்து ஃபைல் சார்."

கூட்டம் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். லெட்டரைப் பிடுங்கப் போகிறார் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் நீட்டிய கை மோசஸின் தோளில் விழுந்தது.

"இவனுக்கும் அதே மாதிரி ஒண்ணு வெச்சிக் குடும்மா. வெள்ளிக்கிழமையில எதையாச்சும் தொடைக்காம என்னால இருக்க முடியாது."