சுவரில் ஓர் உடும்புப்பிடி

பல்செட் செய்கிறவர் ஒருவர் கார் பிளக்கை மாட்டிவைக்க ஒரு சின்னத் தாங்கி தேடி மூன்று வாரம் கடை கடையாக ஏறி இறங்கினார் என்றால், மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் கேட்கத் தோன்றும். வேலை இருந்தது. மனைவியிடம் "நான் பாத்துக்கறேன்" என்று மார்தட்டியும் இருந்தார். இரண்டாவது விஷயம்தான் அவரை விரட்டியது.

மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூல் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. அவளும் ஒரு மின்சாரக் காரும்தான். அவர்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் சார்ஜர் பெட்டி இருக்கிறது. பெட்டியிலிருந்து தடித்த வயர் ஒன்று, அதன் நுனியில் துப்பாக்கிக் கைப்பிடி மாதிரி ஒரு பிளக். சார்ஜ் போடாத நேரத்தில் அந்தப் பிளக் அநாதையாக நடைவழியில் கிடக்கும்.

அதில் ஒருநாள் அடுக்ககச் சங்கத்தின் செக்ரட்டரி தடுக்கி விழுந்தார். ஓய்வுபெற்ற சர்வேயர் அவர். சட்டைப்பையில் பேனா இல்லாமல் வெளியே வருவார், அளவு டேப் இல்லாமல் வரமாட்டார். குப்புற விழுந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, ஒரு வார்த்தை திட்டாமல் மாடிக்கு ஓடிவிட்டார். திட்டெல்லாம் மறுநாள் நோட்டீசாக வந்தது. மூன்று வாரம் அவகாசம்; மூன்றாவது சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் பிளக் சுவரில் ஏற வேண்டும். சுவரைவிட்டுப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் எதுவும் துருத்தக் கூடாது. தவறினால் சார்ஜர் இணைப்பு துண்டிக்கப்படும். இணைப்புப் போனால் கார் படுத்துவிடும், கார் படுத்தால் ஸ்கூலுக்குப் பூட்டுதான்.

செக்ரட்டரி ஏன் வாயைப் பொத்தினார் என்று மனைவிக்கு ஆச்சரியம். பல்செட்காரருக்கு ஆச்சரியமே இல்லை. மேல்வரிசை முழுவதும் கட்டின பல், அதுவும் தளர்ந்துபோன செட். அந்த மனுஷர் சிரிக்காததற்கும், சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்ததற்கும் அதுதான் காரணம் என்று குடிவந்த அன்றே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ஊரார் வாயில் என்ன இருக்கிறது என்பதை அவர் கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்வதில்லை. தொழில் தர்மம்.

தேடல் எலக்ட்ரிக் கடையில் தொடங்கியது.

"இதைவிடச் சின்னது உலகத்துலயே கிடையாது சார்" என்று கடைக்காரர் எடுத்துவைத்தது ஹெல்மெட் அளவு இருந்தது. ஆன்லைனில் வரவழைத்தது படத்தில் ஒரு பூந்தொட்டிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் போலத் தெரிந்தது; வந்து இறங்கிய பிறகுதான் அந்தப் பூந்தொட்டி எவ்வளவு பெரியது என்று புரிந்தது. குழாய்க் கடைக்காரர் யோசனைப்படி குளியலறை ஷவர் மாட்டும் கொக்கி ஒன்றை வாங்கி அறைந்தார். பிளக் அதில் ஒரு பகல் முழுக்கச் சமர்த்தாக இருந்துவிட்டு, சாயங்காலம் மனைவியின் கால் கட்டைவிரலைப் பார்த்து இறங்கியது.

"என்னங்க, விட்டுடுங்க. நானே பாத்து வாங்கிக்கறேன்" என்றாள் அவள், நொண்டிக்கொண்டே.

"அதெல்லாம் வேணாம். நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல?"

வியாழக்கிழமை, பட்டறையில் யாருக்கோ செய்த மேல்செட்டை மெருகேற்றிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பொறி தட்டியது. இருபத்திரண்டு வருஷமாக மெல்லுகிற வாயிலும், சண்டை போடுகிற வாயிலும் விழாதபடி பல்லை நிறுத்தி வைக்கிறோம். அசையாத சுவரில் ஒரு பிளக்கை நிறுத்த முடியாதா? அடச்சே, இதற்கா மூன்று வாரம் என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

அன்றே கீழே போய் சார்ஜர் சுவிட்சை அணைத்தார். பிளக்குக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஈறுக்கு அளவெடுக்கும் மாவில் அழுத்தினார். பழக்கதோஷத்தில், "பயப்படாதீங்க, மூக்கால மூச்சு விடுங்க" என்று பிளக்குக்கு ஆறுதலும் சொன்னார். அந்த அச்சை வைத்து, செட் செய்கிற அதே ரோஸ் நிறப் பொருளில் தாங்கியை வார்த்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைச் சுவரில் முடுக்கிப் பிளக்கை வைத்து அழுத்த, டக்கென்று உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. அவருக்கு அழுகையே வரும்போல இருந்தது.

மனைவி வந்து பார்த்தாள். "ஏங்க, சுவர் நம்மளைப் பாத்து நாக்கை நீட்டற மாதிரி இருக்கு."

"நிறத்தைப் பாக்காதே, பிடியைப் பாரு."

"சரி, எடுங்க. கார்ல ரெண்டு சதவீதம்தான் இருக்கு. காலையில பதினோரு மணிக்குத் தலைமையாசிரியைக்கு டெஸ்ட்."

"காலையில போட்டுக்கலாமே. ஒருநாள் அது அழகா இருக்கட்டும்" என்று கெஞ்சினார். அவளும் இரக்கப்பட்டு விட்டுவிட்டாள்.

காலை ஏழு மணிக்கு அவள் பிளக்கை இழுத்தாள். வரவில்லை. அவர் இழுத்தார். அதற்கும் வரவில்லை. அந்த நொடியில்தான் தான் செய்த தப்பு அவருக்கு உறைத்தது. பிளக்கின் கழுத்தில் ஒரு பள்ளம் உண்டு. வாயில் அப்படிப் பள்ளம் இருந்தால் செட் அதில் நன்றாகக் கவ்வும். கழற்றும்போது ஈறு கொஞ்சம் இளகிக் கொடுக்கும். பிளக் எங்கே இளகிக் கொடுக்கப்போகிறது? தாங்கி அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. தாங்கியையே கழற்றலாம் என்றால், அதன் திருகாணிகள் பிளக்குக்குப் பின்னால் மறைந்திருந்தன.

"பக்கத்துத் தெரு சார்ஜர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதுல பத்து நாளா 'பழுது'ன்னு அட்டை தொங்குது. ஆறு தடவை ஃபெயிலானவங்க அந்தம்மா. இன்னைக்கு வண்டி போகலைன்னா அடுத்த டெஸ்ட் மூணு மாசம் கழிச்சுதான். நான் அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?" அவருக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தலைமையாசிரியை வந்து சேர்ந்தார். ஆயிரம் பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவர். அதே பார்வையைப் பிளக்கின்மேல் செலுத்தினார். அது மசியவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு அவரும் இழுத்தார். அவர் செருப்பு வார் அறுந்ததுதான் மிச்சம்.

"வெட்டிடுங்களேன்" என்றார்.

"வெட்டினா தாங்கி போச்சு டீச்சர். மணி எட்டாச்சு. ஒன்பதுக்குள்ள இன்னொண்ணு வார்க்க முடியாது. இணைப்பைப் பிடுங்கிடுவாங்க."

சத்தம் கேட்டு செக்ரட்டரியே இறங்கி வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக டேப்பை நீட்டித் தாங்கியின் விளிம்புவரை அளந்தார். "பதினொன்றரை. ஒன்றரை அதிகம்."

"சார், அளக்கறது இருக்கட்டும். முதல்ல அது வரமாட்டேங்குது" என்றாள் மனைவி.

"வராம எங்க போகும்? நகருங்க" என்று ஒரு காலைச் சுவரில் ஊன்றி, பிளக்கை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார் செக்ரட்டரி. முகம் சிவந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. பிளக் வரவில்லை, அவருடைய மேல்செட்டுதான் வந்தது. பாதி தூரம் வெளியே வந்து உதட்டில் நின்றது.

பல்செட்காரர் ஒருவர்தான் அதைப் பார்த்தார். செக்ரட்டரி கண்ணில் தெரிந்த பயத்தையும் பார்த்தார். இன்னும் ஒரு நொடி போனால் மற்ற இருவரும் பார்த்துவிடுவார்கள்.

"வெட்டப்போறேன்! எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்புங்க, தூசி பறக்கும்!" என்று கத்தினார். பெண்கள் இருவரும் சட்டென்று திரும்பினார்கள். செக்ரட்டரியும் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார். பல்செட்காரர் சார்ஜர் சுவிட்சை அணைத்து, தாங்கியை மாட்டும்போது பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த, பல் ராவுகிற குட்டி மெஷினைக் கையில் எடுத்தார். கத்தியாயிற்று, இனி வெட்டாமல் இருக்க முடியாது. இணைப்புப் போனால் போகட்டும், இவள் இன்றைக்கு டெஸ்டுக்குப் போகட்டும் என்று, தன் அருமைத் தாங்கியின் முன்பாதியை வயிறெரிய அறுத்துத் தள்ளினார்.

பிளக் பூப்போல வெளியே வந்தது. மனைவி சுவிட்சைப் போட்டு, அதைக் காரில் செருகிய பிறகுதான் மூச்சு விட்டாள்.

சுவரில் பாதித் தாங்கி மிச்சம் இருந்தது. செக்ரட்டரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டேப்பை நீட்டினார். "எட்டரை."

"சார்?"

"எட்டரை சென்டிமீட்டர். பிளக் இதுல நிக்குமா?"

வயரோடு சேர்ந்த பிளக்கைக் காரிலிருந்து கழற்றி, அந்தப் பாதிக் குழிவில் வைத்துப் பார்த்தார்கள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளை மாதிரிக் கிடந்தது. தூக்கினால் வந்தது. வைத்தால் நின்றது. பிளக்கோடு சேர்த்து அளந்தாலும் பத்தைத் தாண்டவில்லை. மூன்று வாரமாகத் தேடிய சாமான் அதுதான்.

"உங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரர்தான்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, செக்ரட்டரி வாயை இறுக மூடிக்கொண்டு மாடியேறினார். மனைவி தன் கணவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவர் பிளக்கை அவசரமாக மறுபடி காரில் செருகினார்.

பகல் ஒரு மணிக்குப் பட்டறைக்குப் போன் வந்தது. "பாஸ்ங்க! ஆனா சந்தோஷத்துல வெளிய வரும்போது கேட்ல இடிச்சுட்டாங்க. லேசாத்தான்." அவர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துவிட்டுத் திரும்பினால், வாசலில் செக்ரட்டரி. கையில் ஒரு கைக்குட்டை மடிப்பு. யாரும் இல்லையே என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். மடிப்பைப் பிரித்தார். உள்ளே காலையில் அறுத்துத் தள்ளிய ரோஸ் நிறத் துண்டு.

"நாலு பேர் மாத்தி மாத்தி இழுத்தோம். வரலை" என்றார்.

"ஆமா சார்."

"நாலு வருஷமா நான் வாய்விட்டுச் சிரிச்சதில்லை தம்பி. எனக்கு இதே மாதிரி ஒண்ணு பண்ணித் தர முடியுமா?"

"தாராளமா சார். நல்லா சாஞ்சு உக்காருங்க. மூக்கால மூச்சு விடுங்க."

செக்ரட்டரி சாய்ந்தார். வாயைத் திறந்தார். ஏதோ ஞாபகம் வந்தவராக உடனே மூடிக்கொண்டு, அவர் கையைப் பிடித்தார்.

"இவ்வளவு கெட்டியா வேணாம். ராத்திரி கழட்டி வைக்கணும்."