இடது கை

ஆறு வாரமாக ஒரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். குடியை விடுவதற்கான மருத்துவமனையில் இதுதான் பயிற்சி. படம் படுத்தவாக்கில் வந்தால் கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும், அது சுருங்கி மறையும். நின்றவாக்கில் வந்தால் இழுக்க வேண்டும், பெரிதாகி மூக்கருகே வரும். பீரும் சாராயமும் படுத்தே வரும், ஆப்பிள் ஜூஸ் நின்றே வரும். நாளாக நாளாக, யோசிக்கும் முன்பே கை சாராயத்தைத் தள்ளிவிடுமாம்.

சனிக்கிழமை என் மகள் வீப்கேவுக்குக் கல்யாணம். "ஒரு வாய் குடிச்சாலும் எனக்கு அப்பா இல்லைன்னு நினைச்சுக்குவேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பயிற்சி. பக்கத்துக் கட்டில்காரன் ஃபோல்க்மார் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தான்.

"யோவ் எக்ஹார்ட், காபிக் கோப்பையக்கூட இடது கையாலதானே எடுக்கிற? இந்த வலது கை என்னைக்குய்யா குடிச்சுது?"

அவன் சிரித்தான். நான் கைப்பிடியை விட்டுவிட்டேன். முதல் நாள், "எந்தக் கையால எழுதுவீங்க?" என்று கேட்டார்கள். வலது என்றேன், கைப்பிடியை வலது பக்கம் வைத்துவிட்டார்கள். பொய்யில்லை. அந்தக் காலத்துக் கிழக்கு ஜெர்மனிப் பள்ளியில் இடதுகைப் பிள்ளைகளின் பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணிப்பார்கள். பேனா மாறிவிட்டது. முப்பது வருஷம் கிளாஸைப் பிடித்தது இடது கைதான்.

பயிற்சியாளர் டீடமன் அம்மாவிடம் ஓடினேன். "கத்துக்கிறது கை இல்லீங்க, மூளை" என்றார்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா சொல்ல முடியல. நாளைக்கு யாரையாவது பக்கத்துல வெச்சுக்குங்க."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கையைப் பார்த்து நானே பயந்துபோய்க் கிடந்தேன், பாழாய்ப்போன கை.

கல்யாண மண்டபத்தில் நுரைக்கும் ஒயின் தட்டில் வந்தது. என் வலது கை நல்ல பிள்ளையாக மடியில் கிடந்தது. இடது கை எப்போது கிளம்பியது என்றே தெரியாது, விரலில் கண்ணாடியின் குளிர் பட்டபோதுதான் பார்த்தேன். திருடனைப் பிடிப்பது போல அதை வலது கையால் பிடித்துக் கீழே இழுத்தேன்.

வீப்கே பார்த்துவிட்டாள். வெள்ளைக் கவுனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"குடிக்கலம்மா. ஆனா இந்தக் கைய நான் நம்பல. பயமா இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் இடது கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் எழுந்து வாழ்த்திக் குடித்தார்கள், எங்கள் இரண்டு கிளாஸும் நிரம்பியபடியே மேசையில் இருந்தன.

பாட்டு ஆரம்பித்தது. மாப்பிள்ளை நடுவில் தனியாக நின்று இவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல் ஆட்டம்ப்பா, நான் போகணும். கையை விடட்டுமா?"

போய் வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"விடாதம்மா" என்றேன்.