ஆறு அங்குலம்

ஆறு அங்குலத்தின் விலை முப்பத்தெட்டாயிரம். சமையல் மேடைக் கல்லைப் பெயர்த்து, அடியில் இரண்டு வரி செங்கல் ஏற்றி, அதே கல்லை உடையாமல் மறுபடி உட்கார வைத்து, குழாயை நீட்டிக் கொடுக்க. அண்ணனுக்கு என்பதால் என் லாபத்தைக் குறைத்துப் போட்டிருந்தேன். அண்ணன் அதை நம்பவில்லை. நம்பியிருந்தால் உடம்புக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பேன். நாங்கள் ஜவுளிக்கடைக்குள் வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் மருந்து வாங்குவதற்கும் இரண்டு கடை ஏறி இறங்குவார்கள். அதுவரை காய்ச்சல் காத்திருக்கும்.

கடை அண்ணனுக்குப் போனது, பேச்சு எனக்கு வந்தது. பேச்சை வைத்துக்கொண்டு நான் வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலுக்கு வந்தேன். அண்ணன் வீடுதான் என் முதல் வேலை.

அந்த முதல் வேலையிலேயே நான் பிடித்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. சமைக்கிறவரை நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதிலிருந்து நாலு விரல் குறைத்து மேடை போடுவேன். அண்ணி குள்ளம். வெறும் தரையில், சுவர் எழும்பாத சமையலறையில், செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்றார்.

"தம்பி, குதிகாலைத் தூக்கிக்கவா? கொஞ்சம் உயரமா வருமே?"

"வேணாம் அண்ணி. அப்புறம் ஆயுசு முழுக்கத் தூக்கிட்டே நிக்கணும்."

அந்த மேடையில் அண்ணி இருபத்திரண்டு வருடம் சமைத்தார். போன வருடம் போய்விட்டார். இப்போது அதே மேடையில் அண்ணன் குனிந்து நிற்கிறார். ஒரு ஆளுக்கு ஒரு சின்னப் பாத்திரம். அதைக் கிளறவே இடுப்பு இரண்டாக ஒடிகிறது. ஒருநாள் அப்படியே பிடித்துக்கொண்டு, நிமிர முடியாமல் மேடையைப் பிடித்தபடி முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். கூப்பிட வீட்டில் ஆள் இல்லை.

விஷயம் மகன் காதுக்குப் போனது. தூர ஊரில், எட்டாவது மாடியில் இருக்கிறான். தொலைபேசியில் என்னிடம் கறாராகச் சொன்னான்.

"சித்தப்பா, மேடையை ஒசத்துங்க. பணம் நான் தரேன். இல்லேன்னா வீட்டை வித்துட்டு அப்பா எங்கூட வந்துரட்டும். ரெண்டுல ஒண்ணு."

மேஸ்திரியோடு போய் நின்றேன். மேஸ்திரி கடப்பாறையைக் கல்லுக்கு அடியில் கொடுத்ததும் அண்ணன் உள்ளே வந்தார்.

"நிறுத்துப்பா. கல்லுல கை வைக்காதே."

"விலைதானே அண்ணே? முப்பத்தஞ்சு. இதுக்குக் கீழே போனா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

"விலை இல்லடா." கல்லின் விளிம்பில் ஓரிடத்தைத் தடவினார். அண்ணியின் வயிறு உரசி உரசி அந்த இடம் மட்டும் மழமழவென்று இருந்தது. "இது அவ உயரம். இதை மாத்திட்டா இந்த வீட்ல அவ உயரம்னு எதுவும் இருக்காது."

"அப்ப எட்டாவது மாடிதான். லிப்ட்ல போய் வந்துட்டு இருங்க."

"அது முடியாதுன்னுதானே உன்னை உள்ள விட்டேன். வீடு கட்டறவன்னு போர்டு மாட்டியிருக்கியே, எதுக்கு?"

மேஸ்திரி கடப்பாறையில் சாய்ந்துகொண்டு சொன்னார். "மேடையும் ஏறக்கூடாது, ஐயாவும் குனியக்கூடாதுன்னா, ஐயாவைத்தான் இறக்கணும்."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் நான் தரையைப் பார்த்தேன். கீழ்த்தளம், அடியில் மண். மேடைக்கு முன்னால், ஆள் நிற்கிற இடத்தை மட்டும் ஆறு அங்குலம் தோண்டினால் என்ன?

"அறுபத்தொண்ணு ஆகும்" என்றேன்.

"குழிக்கு அறுபத்தொண்ணா? கிணறே வெட்டலாமேடா!"

"கிணத்துல தண்ணி வரணும் அண்ணே. இதுல வரக்கூடாது. அதுக்குத்தான் காசு."

ஐம்பத்தைந்தில் முடிந்தது. ஐந்து நாள் வேலை. ஈரம் ஏறாமல் பூச்சு, சொரசொரப்பான ஓடு, தடுக்கி விழாமல் இருக்க விளிம்பில் மஞ்சள் பட்டை. ஆறாம் நாள் சாயங்காலம் அண்ணன் பள்ளத்தில் இறங்கி நின்றார். அடுப்பைப் பற்றவைத்து, வெங்காயம் ஒன்றை நறுக்கிப் பார்த்தார். இடுப்பு நேராக இருந்தது. என் தொழிலைப் பற்றி எனக்கே கொஞ்சம் கர்வம் வந்தது.

அப்போது வாசல் கேட் கிறீச்சிட்டது. அண்ணன் பழக்கத்தில் தலையைத் தூக்கி, மேடைக்கு மேலிருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"டேய். கேட் எங்கடா?"

"எங்க போகும்? அங்கதான் இருக்கு."

"எனக்குத் தெரியலையே. எதிர் வீட்டு மாடிச் சுவருதான் தெரியுது."

எனக்கு விளங்குவதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது. அண்ணி, கேட் சத்தம் கேட்டால் போதும், அடுப்பை அணைத்து, கையைத் துடைத்து, கூடம் தாண்டி வாசலுக்கு வந்து பார்ப்பார். நாளைக்குப் பத்து தடவை. 'கேட் இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்ததே நான்தான். "ஜன்னல்லயே தெரியுதே, எதுக்கு இந்த நடை?" என்று அண்ணன் சிரிப்பார். அண்ணியும் சிரிப்பார். ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

"அவ இதை விடவும் குள்ளம், இல்ல?"

"இன்னும் மூணு அங்குலம்" என்றேன். அளவுகள் எனக்கு மறப்பதில்லை.

அண்ணன் முழங்காலைக் கொஞ்சம் மடக்கினார். மூன்று அங்குலம் இறங்கினார். அந்த உயரத்தில் ஜன்னலின் அடிச்சட்டமும், மேலே கைக்குட்டை அளவு வானமும்தான் இருந்தன. இடுப்பு வலிக்கிற மனுஷன் அப்படியே நெடுநேரம் நின்றார்.

முழங்கையை அளந்தேன். கண்ணை அளக்கவில்லை. ஜன்னல் எந்த உயரத்தில் வேண்டும் என்று மேஸ்திரி அன்று கேட்டபோது பக்கத்தில் இருந்தது அண்ணன். அவரை நிற்க வைத்துக் குறி போட்டேன்.

"ஜன்னலை இறக்கித் தரேன் அண்ணே. காசு வேணாம்."

காசு வேண்டாம் என்ற சொல்லை எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் திரும்பவில்லை.

"வேணாம்டா. அவ பாக்காததை நான் மட்டும் பாத்து என்ன பண்ணப் போறேன்."

கேட் மறுபடி கிறீச்சிட்டது. அண்ணன் அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். மஞ்சள் பட்டையைப் பார்த்துக் காலைத் தூக்கி வைத்து ஏறி, கூடம் தாண்டி வாசலுக்குப் போனார். நான் உள்ளேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது.

"யாருமில்ல. காத்து."

வீட்டுக்கு வந்து பில் எழுதினேன். தரை வேலை, ஐம்பத்தைந்தாயிரம். மகன் அனுப்பியது, ஐம்பத்தைந்தாயிரம். பாக்கி இல்லை. கோடு போட்டு முடித்த பிறகு, அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன். அண்ணிக்கு, ஜன்னல் ஒன்று, ஒன்பது அங்குலம் கீழே. கொடுத்தது, இல்லை.